இயன் ரைட்டுக்குப் போட்ட நாற்காலிகள்

"ரைட்டெல்லாம் ஒரு விமர்சகரா? கோல் விழுந்தா குதிக்கிறாரு, தோத்தா கண் கலங்குறாரு. அதுக்கு நம்ம தெருமுனை டீக்கடையிலயே ஆள் இருக்கே!" என்றான் நண்பன். பேச்சு லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனல் பற்றித் தொடங்கி, அதன் முன்னாள் ஸ்ட்ரைக்கர் இயன் ரைட் மாதிரி பழைய ஆட்டக்காரர்கள் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுவதைப் பற்றித் திரும்பியிருந்தது. அவனுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் ஆட்டக்காரர் கேரி நெவில் பிடிக்கும். பெரிய தொடுதிரை முன் நின்று, வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, "இந்த டிஃபெண்டர் இரண்டடி முன்னால் வந்தது தப்பு" என்று காட்டுபவர்தான் அவன் கணக்கில் விமர்சகர். நான் எதுவும் சொல்லவில்லை. அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. ஆனால் மீதிப் பாதி மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

2011-இல் நெவில் ஸ்கை தொலைக்காட்சிக்கு வந்த பிறகு, கால்பந்து பற்றிப் பேசுவது எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே மாறிப்போனது. அதற்கு முன், பழைய ஆட்டக்காரர் ஒருவர் சோபாவில் சாய்ந்து "நல்ல கோல், அருமையான பாஸ்" என்று சொன்னால் சம்பளம் வந்துவிடும். நெவில் அந்தச் சோம்பேறித்தனத்தை ஒழித்தார், சந்தேகமில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. ஆட்டத்தைப் பிரித்து விளக்குவது மட்டும்தான் அறிவு, ஆட்டம் ஒரு மனிதனை என்ன செய்கிறது என்று சொல்வது வெறும் உணர்ச்சிவசம் என்ற ஒரு தரவரிசை உருவாகிவிட்டது. ரைட் அந்த வரிசையில் எப்போதும் கீழேதான். ஆர்சனலுக்காக 185 கோல் அடித்தவர் கோல் அடிப்பதைப் பற்றிப் பேசும்போது, அதை ஏன் "ரசிகர் பேச்சு" என்று ஒதுக்குகிறோம்? இதுதான் என் கேள்வி. இந்த ஒதுக்கலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை ரைட்டே ஒருமுறை உடைத்துச் சொல்லி, வேலையை விட்டு வெளியேறியும் இருக்கிறார்.

சுவர்

மேட்ச் ஆஃப் தி டே என்ன நிகழ்ச்சி என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது. பிபிசியின் கால்பந்துத் தொகுப்பு நிகழ்ச்சி, 1964-இலிருந்து சனிக்கிழமை இரவுகளில் இங்கிலாந்து உட்கார்ந்து பார்ப்பது. தென்கிழக்கு லண்டனின் பிராக்லி பகுதியில் வளர்ந்த சிறுவன் ரைட்டுக்கும் அந்த இரவுதான் வாரத்தின் பெரிய இரவு. குடும்பம் முழுக்க ஒரே அறையில். நிகழ்ச்சி தொடங்கியதும் மாற்றாந்தந்தை அவனையும் அண்ணனையும் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வார். காரணம் எதுவும் கிடையாது. செய்ய முடியும் என்பதால் செய்தார், அவ்வளவுதான் என்று ரைட் பின்னால் சொல்லியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டத்தின் இரைச்சல் கேட்கும், வர்ணனையாளர் குரல் உயர்வது கேட்கும், கோல் விழுந்தது தெரியும். யார் அடித்தது, எந்தக் காலால் அடித்தது என்பது மட்டும் தெரியாது.

நமக்கும் காதால் ஆட்டம் பார்த்த பழக்கம் உண்டு. சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் கிரிக்கெட் வர்ணனை சொன்னபோது ஒரு தலைமுறையே அப்படித்தான் பார்த்தது. ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒலி மட்டும்தான் இருந்தது, கற்பனை செய்வதில் ஒரு சுகமும் இருந்தது. இங்கே படம் அதே அறையில், இரண்டடி தூரத்தில் ஓடுகிறது. தலையைத் திருப்பக் கூடாது. அந்தக் கொடுமை வேறு வகை.

அந்த வீட்டில் அடி இருந்தது. அம்மா அடிபடும் இரவுகளில், தம்பிக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று அண்ணன் அவன் காதுகளைக் கையால் பொத்துவானாம். இதையெல்லாம் 2021-இல் பிபிசிக்காகச் செய்த ஓர் ஆவணப்படத்தில் ரைட் வெளிப்படையாகச் சொன்னார். அம்மா தன்னிடம் நடந்துகொண்ட விதமும் காயப்படுத்தியது என்பதை மறைக்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வன்முறை நடந்தால் அது பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அந்தப் படத்தின் கேள்வி. ஒரு முன்னாள் ஸ்ட்ரைக்கர் தன் பெயரைப் பணயம் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கோல்களைப் பற்றிப் பேசியே காலத்தை ஓட்டியிருக்கலாம்.

பள்ளிக்கூடத்திலும் நிலைமை இதைவிடப் பெரிய வித்தியாசமில்லை. அடங்காத பையன் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுவான். அப்படி வெளியே நின்றவனைத்தான் சிட்னி பிக்டன் என்ற ஆசிரியர் கவனித்தார். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். பையனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார், எழுதப் படிக்க வைத்தார், வகுப்புகளுக்குப் போய் வருகைப் பதிவேடுகளை வாங்கி வரும் வேலையைக் கொடுத்தார். சின்ன வேலைதான். ஆனால் அதுவரை யாரும் எந்தப் பொறுப்பையும் கொடுக்காத பையனுக்கு அது பெரிய பதவி. கால்பந்திலும் ஒரு பாடம் சொன்னார். பந்தைக் கண்டபடி ஓங்கி உதைக்காதே, இங்கிலாந்தின் பழைய கோல் மன்னன் ஜிம்மி கிரீவ்ஸ் செய்வதைப் போல வலைக்குள் பாஸ் பண்ணு.

ரைட் அடித்த கோல்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பாடம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். கோல் கீப்பர் முன்னேறி வந்தால் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிப் போடுவார். இடைவெளி தெரிந்தால் உள்பாதத்தால் தள்ளிவிடுவார். வெளியே தெரிந்தது ஆர்ப்பாட்டம், கூச்சல், ஓட்டம். கோல் அடித்த அந்த ஒரு நொடி மட்டும் அத்தனை நிதானம். பின்னாளில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, இளம் ஸ்ட்ரைக்கர் ஒருவன் பதற்றத்தில் ஓங்கி அடித்து வெளியே அனுப்பும்போது ரைட் சொல்வது கிட்டத்தட்ட இந்தப் பாடத்தைத்தான். என் நண்பனுக்குப் பிடித்த அம்புக்குறிகள் அங்கே இல்லை, உண்மைதான். ஆனால் ஒரு ஸ்ட்ரைக்கரின் மூச்சு எங்கே தவறியது என்பதை எந்த அம்புக்குறியாலும் காட்ட முடியாது.

பிக்டனும் ரைட்டும் பல வருஷம் கழித்துச் சந்தித்த காணொளியைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். ஆர்சனலின் பழைய ஹைபரி மைதானத்தில் ரைட் நின்றுகொண்டிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு முதியவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்த ரைட் திரும்பிப் பார்க்கிறார். முதல் வேலையாகத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றுகிறார். அப்புறம்தான் அழுகை. தொப்பியைக் கழற்றியதுதான் எனக்கு முக்கியம். நடிப்பதற்கு நேரமே இல்லாத இடத்தில் உடம்பு தானாகச் செய்த மரியாதை அது. பிக்டன் 2017 டிசம்பரில், 95 வயதில் இறந்தார்.

தாமதமாக வந்தவர்

ஆட்ட வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எண்ணிக்கைகள் எல்லாருக்கும் எட்டும் தூரத்தில்தான் கிடக்கின்றன. சின்ன வயதில் கிளப்களில் தேர்வுக்குப் போய்த் திரும்பினார். யாரும் எடுக்கவில்லை. வரி கட்டாமலும் காப்பீடு இல்லாமலும் வண்டி ஓட்டியதற்கான அபராதத்தைக் கட்டவில்லை என்று செல்ம்ஸ்ஃபோர்டு சிறையில் இரண்டு வாரம் இருந்தார். அங்கே அழுது, எப்படியாவது தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிவிட வேண்டும் என்று கடவுளிடம் சொன்னாராம். அதற்குப் பிறகும் உடனே எதுவும் நடக்கவில்லை. பூச்சு வேலை, கூலி வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கிரீனிச் பரோ என்ற சிறிய கிளப்பிலிருந்து 1985 ஆகஸ்டில் கிறிஸ்டல் பேலஸ் அவரை எடுத்தபோது 22-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. மற்றவர்கள் பதினாறு வயதில் அகாடமியில் ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டில் இது ரிட்டயர் ஆகும் வயது இல்லைதான், ஆனால் தொடங்கும் வயது நிச்சயம் இல்லை.

பேலஸில் மார்க் பிரைட்டுடன் ஜோடி சேர்ந்தார். 1990 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம்தான் நாட்டுக்கு அவரை அறிமுகப்படுத்தியது. கால் எலும்பு முறிவிலிருந்து மீண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், பேலஸ் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது உள்ளே வந்தார். சில நிமிடங்களிலேயே சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இன்னொன்று அடித்து 3-2 ஆக்கினார். கோப்பை கையில் இருந்தது என்று நினைத்த நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மார்க் ஹியூஸ் 3-3 ஆக்கிவிட்டார். மறு ஆட்டத்தில் பேலஸ் 1-0 என்று தோற்றது.

1991 செப்டம்பரில் 25 லட்சம் பவுண்டுக்கு ஆர்சனல். அந்த சீசனின் கடைசி நாளில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து, லீக்கில் 29 கோலுடன் முதலிடம். 28 கோலுடன் இரண்டாவதாக நின்றவர் கேரி லினேக்கர். இருவரும் பின்னால் ஒரே ஸ்டுடியோவில் பல வருஷம் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த ஒரு கோல் வித்தியாசத்தை ரைட் எப்போதாவது கிண்டலாக நினைவுபடுத்தியிருக்க மாட்டாரா என்று எனக்கு ஒரு சின்ன ஆசை.

1997 செப்டம்பர் 13. ஹைபரியில் போல்டனுக்கு எதிரான ஆட்டம். ஆர்சனலுக்காக கிளிஃப் பாஸ்டின் அடித்த 178 கோல் சாதனையை முறியடிக்க இரண்டு தேவை. முதல் கோல் விழுந்ததுமே சட்டையைத் தூக்கினார். உள்ளே பனியனில் 179 என்று எழுதியிருந்தது. கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி! அவசரக்குடுக்கை. கொஞ்ச நேரத்தில் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று சும்மா தட்டிவிட்ட பந்தில் 179 வந்தது. அன்றும் ஹாட்ரிக். 185-இல் போய் நின்ற அந்தச் சாதனையை 2005-இல் தியரி ஹென்றி கடந்தார்.

இங்கிலாந்து அணியில் மட்டும் கை கூடவே இல்லை. 33 ஆட்டம், 9 கோல். அதில் நான்கு சான் மரினோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் அடித்தவை. 1997 அக்டோபரில் ரோமில் இத்தாலிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் கீப்பரைச் சுற்றிப் போய் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. உலகக் கோப்பைக்கு முன் 1998 மே மாதம் மொராக்கோவில் தொடைத் தசை காயம். பெரிய தொடர் எதிலும் ஆடாமலேயே முடிந்துவிட்டது. 1994-இல் ஆர்சனல் வென்ற ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை இறுதியிலும் அப்படித்தான், அரையிறுதியில் வாங்கிய மஞ்சள் அட்டையால் அவருக்குத் தடை. அணி கோப்பையைத் தூக்கும்போது வெளியே நிற்பது என்ன என்று தெரிந்தவர். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோபக்காரர். நடுவர்களோடு சண்டை, எதிரணி கோல் கீப்பரோடு சண்டை, அபராதம், தடை. அவரைப் பற்றி இன்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைச் செல்லமாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சிரிப்பும் கோபமும் ஒரே கிணற்றிலிருந்துதான் வந்தன.

கோமாளி நாற்காலி

ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1997-இல், மேட்ச் ஆஃப் தி டே ஸ்டுடியோவுக்கு முதல்முறை அழைக்கப்பட்டார். தொகுப்பாளர் டெஸ் லைனமிடம் "இது என் கிரேஸ்லேண்ட்" என்றாராம். எல்விஸ் பிரெஸ்லியின் வீட்டுக்கு ரசிகர்கள் யாத்திரை போவதைப் போல, அவர் வந்து சேர்ந்த இடம். சுவரைப் பார்த்து நின்ற கதை தெரிந்த பிறகு அந்த வாக்கியம் வேறு மாதிரி கேட்கிறது. தலையைத் திருப்பக் கூடாது என்று சொல்லப்பட்ட படத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் தொலைக்காட்சி அவரிடம் முதலில் வாங்கிக்கொண்டது சிரிப்பைத்தான். 1998-இலேயே ஐ.டி.வி. அவர் பெயரில் ஒரு வெள்ளிக்கிழமை அரட்டை நிகழ்ச்சி தொடங்கியது. அப்புறம் பிபிசியில் சனிக்கிழமைப் போட்டி விளையாட்டு நிகழ்ச்சி. கால்பந்து ஸ்டுடியோவிலும் அவர் இடம் தெளிவு. முன்னாள் ஆட்டக்காரர்களான ஆலன் ஹான்சன் தீர்ப்புச் சொல்வார், ஆலன் ஷியரர் தலையாட்டுவார், ரைட் கலகலப்பாக்குவார். இங்கிலாந்து ஜெயித்தால் குதிக்க வேண்டும், தோற்றால் முகம் வாட வேண்டும்.

2008-இல் அவர் பிபிசியை விட்டு விலகினார். ஒரு பேட்டியில் காரணத்தையும் சொன்னார். ஹான்சனும் ஷியரரும் வழக்கமானதைப் பேசுவார்கள், இறுக்கத்தை உடைக்க என்னைக் கோமாளியாகப் பயன்படுத்துகிறார்கள். சாரம் இதுதான். கோட்டும் டையும் போட்டு உட்கார்ந்து பேசும் அந்தப் பாணியை இளைஞர்கள் எத்தனை காலம் பார்ப்பார்கள் என்றும் கேட்டார்.

அப்போது இதைப் பலரும் நன்றிகெட்ட பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதுதான் அவருடைய தொலைக்காட்சி வாழ்க்கையின் மையம். ஏனென்றால், யோசித்துப் பாருங்கள், அவர் ஸ்டுடியோவில் செய்தது மைதானத்தில் செய்ததையேதான். அதே கத்தல், அதே துள்ளல். மைதானத்தில் அதன் நடுவே ஒரு நிதானமான கோல் இருந்தது, அதனால் யாரும் அவரைக் கோமாளி என்று சொல்லவில்லை. ஸ்டுடியோவில் துள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டு, நிதானத்துக்கான நேரத்தை மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்ல அவர் வாயைத் திறக்கும்போது அடுத்த காட்சிக்குப் போய்விடும். சினிமாவில் ஒரு நடிகரை ஒருமுறை சிரிக்க வைப்பவராக எடுத்துக்கொண்டுவிட்டால், அவர் அழும் காட்சியிலும் நாம் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்போமே, அந்த நிலைமை.

இதில் நிறம் இல்லையா என்றால், இருக்கிறது. அந்த நாட்களில் ஆங்கிலத் தொலைக்காட்சியில் கருப்பின ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்த வேடங்கள் குறைவு. விஷயம் தெரிந்தவர், தீர்ப்புச் சொல்பவர் என்ற வேடம் அவர்களை அதிகம் தேடி வரவில்லை. அது ரைட்டின் குணத்தோடு சரியாகப் பொருந்திப்போனதுதான் பிரச்சினை. அவருக்கு இயல்பாக வந்ததையே அவருக்கான எல்லையாக வைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட பூட்டை உடைப்பது கஷ்டம். "நீ நீயாகத்தானே இருக்கிறாய், அப்புறம் என்ன குறை?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

விலகிய பிறகு பிரகாசமான காலம் ஒன்றும் உடனே வரவில்லை. கிளாடியேட்டர்ஸ் என்ற பலப்போட்டி நிகழ்ச்சியின் மறுபதிப்பைத் தொகுத்தார், வானொலியில் ரசிகர்களோடு மல்லுக்கட்டினார், பத்திரிகையில் பத்தி எழுதினார். இந்த வருடங்களை நான் வேகமாகக் கடக்கிறேன், அவரும் அப்படித்தான் கடந்திருப்பார் என்று தோன்றுகிறது. ஆனால் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த இடம் வேறு. பிபிசிக்கே திரும்பினார். ஐ.டி.வி.யில் மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் கேப்டன் ராய் கீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இறுகிய முகத்தைச் சிரிக்க வைத்தார். பாட்காஸ்டில் நேரக்கட்டுப்பாடு இல்லாமல் பேச ஆரம்பித்தார். அங்கேதான் அவருடைய வாக்கியங்கள் முடிவு வரைக்கும் போயின. பேச இடம் கிடைத்ததும் தெரிந்துபோனது, ஆளிடம் சொல்ல நிறைய இருந்தது.

2022-இல் இங்கிலாந்துப் பெண்கள் அணி ஸ்வீடனை 4-0 என்று வென்று ஐரோப்பிய இறுதிக்குப் போன இரவு. ஸ்டுடியோவில் எல்லோரும் கொண்டாட்டத்தில் இருந்தார்கள். ரைட் கோலைப் பற்றிப் பேசவில்லை. இந்தத் தொடருக்குப் பிறகும் பள்ளிக்கூட விளையாட்டு வகுப்பில் பெண் பிள்ளைகள் பையன்களைப் போலக் கால்பந்து ஆட முடியாது என்றால் நாம் என்னதான் செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்டார். கோப்பையை வென்ற வீராங்கனைகள் அதே கோரிக்கையோடு, அப்போது பிரதமர் பதவிக்குப் போட்டியிட்டவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் பள்ளிகளில் சம வாய்ப்பு என்று அரசு அறிவித்தது. அவர் பேசியதால்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன், அது அந்தப் பெண்களின் வெற்றி. ஆனால் கொண்டாட்டத்துக்கு நடுவே பள்ளிக்கூட மைதானம் ஒருவருக்கு ஞாபகம் வருகிறது என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பிக்டன் மாதிரி ஒருவர் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று தினமும் நினைப்பவருக்குத்தான் அது வரும்.

அதே 2023 மார்ச்சில் இன்னொன்று. அகதிகள் பற்றிய அரசின் கொள்கையை விமர்சித்து ட்வீட் போட்டதற்காக, மேட்ச் ஆஃப் தி டே தொகுப்பாளராக இருந்த லினேக்கரை பிபிசி ஒதுக்கி வைத்தது. அந்த நிகழ்ச்சி தனக்கு என்ன என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நாளைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என முதலில் அறிவித்தவர் ரைட். ஷியரர் தொடர்ந்தார், வர்ணனையாளர்களும் விலகினார்கள். மார்ச் 11 சனிக்கிழமை இரவு மேட்ச் ஆஃப் தி டே வெறும் இருபது நிமிடம் ஓடியது. தொகுப்பாளர் இல்லை, விமர்சகர் இல்லை, வர்ணனை இல்லை. ஒரு காலத்தில் அந்த நிகழ்ச்சியின் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, படம் மறுக்கப்பட்டு நின்ற ஒருவர், அன்று நாட்டுக்குப் படத்தை மட்டும் விட்டுவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதை அவர் அப்படி யோசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. விமர்சகர்கள் தேவையா என்று கேட்பவர்கள் அந்த இருபது நிமிடத்தைப் பார்க்கலாம். கோல்கள் விழுந்தன, யாரும் எதுவும் சொல்லவில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

2024 மே மாதம் அவரே விருப்பப்பட்டு அந்த நிகழ்ச்சியிலிருந்து விடைபெற்றார். சனிக்கிழமைகள் தனக்கு வேண்டும் என்றார்.

மாமா நாற்காலி

இங்கே நிறுத்தினால் இது நல்லபடியாக முடிந்த கதை. கோமாளியாக வைக்கப்பட்டவர் மரியாதைக்குரிய பெரியவராகிவிட்டார். இங்கிலாந்தில் இன்று அவரைப் பிடிக்காதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோருக்கும் மாமா. ஆர்சனல் தோற்றால் ஆறுதல் சொல்ல, ஆர்சனலின் இளம் ஆட்டக்காரர் புக்காயோ சாகா மாதிரி ஒரு பையன் கோல் அடித்தால் பெருமைப்பட, பெண்கள் ஆட்டத்துக்குக் கொடி பிடிக்க. சந்தோஷம்தான். ஆனால் இதுவும் ஒரு நாற்காலிதானே? முன்பு சிரிக்க வைத்தால் போதும் என்றார்கள், இப்போது நெகிழ வைத்தால் போதும் என்கிறார்கள். ரைட் கண் கலங்கும் முப்பது விநாடித் துண்டுகள்தான் ஊரெல்லாம் சுற்றுகின்றன. அதற்கு முன் பத்து நிமிடம் அவர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னது சுற்றுவதில்லை. என் நண்பன் பார்த்ததும் அந்தத் துண்டுகளைத்தான்.

2020 மே மாதம் அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு பதின்வயதுப் பையன், வீடியோ கேமில் தோற்ற கடுப்பில், ரைட்டின் இன்ஸ்டாகிராமுக்கு நிறவெறி கக்கும் செய்திகளை அனுப்பினான். எழுத்தில் கொண்டுவரவே முடியாத வசவுகள். ரைட் புகார் கொடுத்தார். பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மன்னிப்புக் கேட்டான், ரைட் மன்னித்தார். நீதிமன்றம் குற்றத் தண்டனைப் பதிவு எதுவும் இல்லாமல் அவனை விட்டபோது மட்டும், இப்படி விட்டால் அடுத்தவனுக்கு என்ன பயம் இருக்கும் என்று தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னார். மாமா செய்ய வேண்டியதைச் செய்தார், ஊர் மெச்சியது.

2025 ஏப்ரலில் நடந்தது வேறு. முன்னாள் இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் எனி அலுகோ பிபிசி வானொலியில் பேசும்போது, பெண்கள் கால்பந்து ஒளிபரப்பில் பெண்களுக்கு இருக்கும் வாய்ப்புகளே குறைவு, அதில் தான் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறோம் என்று ரைட் யோசிக்க வேண்டும் என்ற பொருளில் சொன்னார். பெரிய கூச்சல் எழுந்தது. இரண்டே நாளில் அலுகோ மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் ரைட்டிடமிருந்து ஒரு சிரிப்பையும் ஒரு அணைப்பையும் எதிர்பார்த்தார்கள். அவர் மிகவும் ஏமாற்றமாக இருக்கிறது என்றார். மன்னிப்பைப் பார்த்தேன், ஏற்க முடியாது, ஆனால் கடந்துபோக விரும்புகிறேன் என்றார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வசை பாடிய பையனை மன்னித்தவருக்குக் கூட வேலை செய்த பெண்ணை மன்னிக்க மனம் வரவில்லையே என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. அலுகோ சொன்னதன் உள்ளே இருந்த விஷயமும் நியாயமானதுதான். நாற்காலிகள் குறைவாக இருக்கும் இடத்தில் யார் உட்கார்வது என்பது உண்மையான பிரச்சினை, அதை எழுப்ப அவருக்கு உரிமை இருக்கிறது. ரைட்டின் பெயரை இழுத்ததுதான் தேவையில்லாதது. அவர் தன் பக்கத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றியது.

ஆனால் அந்தப் பதிலில் ஒன்று பிடித்தது. முன்பின் தெரியாத பையன் ஒருவன் கேவலமாகப் பேசுவது ஒரு வகை. இந்த இடம் உனக்கானது இல்லை, கொஞ்சம் தள்ளி உட்கார் என்று தெரிந்த ஒருவரே சொல்வது வேறு வகை. அந்த வாக்கியத்தை அவர் பிராக்லியின் ஒற்றை அறையிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறார். அது அவருக்கு வலிக்கும் இடம். வலிக்கும் இடத்தில் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார், எல்லோருக்கும் பிடித்த மாமாவாக இருப்பதற்காக அதை விழுங்கவில்லை. நடுவரிடம் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற பழைய ரைட் அவர். எனக்கு அந்த ஆளை முழுசாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நண்பனோடு அடுத்த முறை இதைப் பற்றிப் பேச்சு வந்தால், தொப்பி கழற்றும் காணொளியை அவனுக்கு அனுப்ப மாட்டேன், அதை அவன் ஏற்கெனவே பார்த்திருப்பான். இந்தப் பதிலைத்தான் அனுப்புவேன்.